அத்தை, ஜெபம் பண்ணினா என்ன வித்தியாசம்?

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிற விண்ணப்பச் சீட்டுகளை நோட்டில் ஏற்றி, ஜெப நேரத்தில் வாசிப்பது என் பொறுப்பு. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு எங்கள் சபைப் போதகரான ஐயர் இதை என்னிடம் ஒப்படைத்தார். கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரப் பகுதியில் இருக்கிறது எங்கள் கோயில். வாசல் பக்கம் ஒரு மரப்பெட்டி. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். மளிகைக்கடை பில்லின் பின்பக்கம், பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிழித்த தாள், கல்யாணப் பத்திரிகையின் உறை என்று எதில் வேண்டுமானாலும் எழுதிப் போடுவார்கள். மகனுக்கு என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் கிடைக்க. மருமகளுக்குக் கர்ப்பத்தின் கனி. பெண்ணுக்கு நல்ல வரன். சவூதியிலிருக்கிற அண்ணன் பணமும் அனுப்பவில்லை, போனும் எடுக்கவில்லை. ஒரு சீட்டில் 'வலது முட்டி' என்று மட்டும் இருக்கும், பெயர்கூட இருக்காது. அதையும் வாசிப்பேன்.

நோட்டின் இடது பக்கத்தில் தேதி, பெயர், விண்ணப்பம். எனக்கு முன்னால் இதைப் பார்த்துக்கொண்ட பெரியவர் வலது பக்கத்தில் 'பதில்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டம் இழுத்து வைத்திருந்தார். பழைய நோட்டுகளைப் புரட்டினால் அந்தக் கட்டத்தில் ஆங்காங்கே 'வேலை கிடைத்தது, ஸ்தோத்திரம்', 'ஆண் குழந்தை' என்று எழுதியிருக்கும். மீதி எல்லாம் காலியாகத்தான் கிடக்கும்.

என் தம்பி மகன் பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி நெடுநாள் காத்திருந்து அவன் மனைவி உண்டானாள். ஏழாம் மாதம், குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள். சபை முழுக்க ஜெபித்த குழந்தை. வெள்ளிதோறும் அந்தப் பெயர்களை நான்தான் வாசித்தேன். சில வாரம் கழித்து அவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அத்தை, ஜெபம் பண்ணியும் இதுதான் நடந்துச்சு. பண்ணாம இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அப்ப ஜெபம் பண்ணினா என்ன வித்தியாசம்?"

இதற்கு போனில் தட்டி அனுப்புகிற பதில் கிடையாது. பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். பேசியதைவிட சமைத்ததுதான் அதிகம். பேசிய கொஞ்சத்தையும், அப்போது சொல்ல முடியாமல் போனதையும், அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு எத்தனையோ பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. "ஜெபம் ஆண்டவரை மாற்றாது, நம்மைத்தான் மாற்றும்" என்று பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஜெபிக்கிறவர்கள் மாறுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வளவுதான் ஜெபம் என்றால், பிள்ளை பிழைக்க வேண்டும் என்று கேட்கிற தாயிடம், "நீ கேட்பது பிள்ளைக்காக இல்லை, உன் மனப்பக்குவத்துக்காக" என்று சொல்ல வேண்டிவரும். அதை என்னால் சொல்ல முடியாது. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. நடுராத்திரியில் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்டவனைப் பற்றி இயேசு சொன்னார். தட்டித் தட்டி அவன் பொறுமை கற்றுக்கொண்டான் என்று கதை முடியவில்லை. உள்ளே இருந்தவன் எழுந்து வந்து கொடுத்தான். அநீதியுள்ள நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவைக்கும் கடைசியில் நியாயம் கிடைத்தது. கேட்பது என்றால் நிஜமாகவே கேட்பதுதான்.

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, எதற்குக் கேட்கணும்?" என்பான் தம்பி மகன். மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்று 8ஆம் வசனம் சொல்கிறது. அடுத்த வசனத்திலேயே, ஆகையால் இப்படி ஜெபியுங்கள் என்று தொடங்கி, 11ஆம் வசனத்தில் அன்றைய சாப்பாட்டைக் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார். அவருக்குத் தெரியும், அதனால் கேட்க வேண்டாம் என்று இயேசு சொல்லவே இல்லை. அவருக்குத் தெரியும், ஆகையால் கேளுங்கள் என்கிறார். தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தவரிடம் கேட்பது அப்படி இல்லை.

சரி, கேட்டால் கிடைக்கும் என்றால், கிடைக்காதவர்கள்?

இங்கேதான் நம் சபைகள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு பக்கமிருந்து ஆட்டோவிலும் மீன் வண்டியிலும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்பது பிறகு தெரிந்த கணக்கு. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வராந்தாவில் இடமில்லை என்பதுதான். ஒரு மீனவத் தாய், பத்துப் பன்னிரண்டு வயது மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சிஸ்டர், ஒரு சீப்பு இருக்குமா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் பின்னல் முழுக்கக் கடல் மண். என் கைப்பையிலிருந்த சீப்பைக் கொடுத்தேன். அவள் பின்னலைப் பிரித்து, அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி மண்ணை உதிர்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஜெபிக்க ஒரு வார்த்தையும் வரவில்லை. நாம் என்ன கேட்பதென்று தெரியாமல் இருக்கும்போது ஆவியானவர் வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் 8இல் பவுல் எழுதியிருக்கிறார். அன்றைக்கு அந்த வசனம் மட்டும்தான் எனக்குத் துணை.

அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில் சாட்சி நேரம். எங்கள் தெருவுக்குக் கடல் தண்ணீர் வரவில்லை, ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று ஒருவர் எழுந்து சொன்னார். எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். வேளாங்கண்ணியில் மாதா கோயிலுக்குள் தண்ணீர் போகவில்லை என்ற பேச்சும் ஊரெல்லாம் இருந்தது. நான் அந்தச் சாட்சிகளைப் பொய் என்று சொல்லவில்லை. தப்பித்தவர்கள் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்துபோன நூற்றுக்கணக்கான பேரில் பலரும் கிறிஸ்துமஸுக்கு வேண்டுதலோடு வந்த யாத்திரிகர்கள். அவர்களும் ஜெபிக்க வந்தவர்கள்தான். மைக் கையில் கிடைக்கிறவர்கள் எல்லாம் தப்பித்தவர்களாகவே இருந்தால், பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு, தனக்குக் கிடைக்காமல் போனதற்குத் தன் விசுவாசம்தான் குறை என்று தோன்றும். என் தம்பி மனைவி அப்படித்தான் மருமகளைப் பார்த்து, "நீ முழு மனசோட ஜெபிச்சிருக்க மாட்டே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லைக் கழுவுவதற்குத்தான் நான் பாண்டிக்குப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

வேதம் நம்மைவிட நேர்மையாக இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏரோது ராஜா, இயேசுவின் சீஷனான யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். ஒரே ஒரு வசனம், அவ்வளவுதான். அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் வைக்கிறான். சபையார் ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். தூதன் வந்து சங்கிலி கழன்று, பேதுரு வெளியே வருகிறார். யாக்கோபுக்காகச் சபை ஜெபிக்காமல் இருந்திருக்குமா? இயேசுவோடு மறுரூப மலைக்கு ஏறிய மூன்று பேரில் ஒருவர் யாக்கோபு. ஏன் இவர் போனார், ஏன் அவர் வந்தார் என்று இதை எழுதிய லூக்கா ஒரு வார்த்தையும் விளக்கவில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். பேதுரு கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் ஓடிவந்து சொல்கிறாள். உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே அவளிடம், "நீ பிதற்றுகிறாய்" என்கிறார்கள். அவர் வருவார் என்று அங்கே ஒருவரும் எதிர்பார்க்கவில்லை! அந்த ஜெபத்துக்குத்தான் பதில் வந்தது. விசுவாசம் இவ்வளவு கிராம் இருந்தால்தான் வேலை செய்யும் என்று எடை போடுகிறவர்கள் இந்த அதிகாரத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

இந்த அதிகாரத்தை என் கண்ணாலேயே ஒரு ராத்திரி பார்த்திருக்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் தாத்தாவோடு தரையில் படுத்திருந்த ஒன்பது வயதுப் பையன். விடிகாலையில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறான், அப்புறம் கண் இமையைத் தூக்க முடியவில்லை. கடித்த தடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் அப்படித்தான். வீக்கம் இருக்காது, வலி இருக்காது, மூச்சு விடுகிற தசைதான் செயலிழந்து போகும். விஷமுறிவு மருந்து போட்டாயிற்று. ஆனால் செயலிழந்த நரம்பு தேறி வர நாள் ஆகும், அதுவரைக்கும் வெளியிலிருந்து மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வென்டிலேட்டர் எல்லாவற்றிலும் ஆள். குழாய் போட்டு, ஆம்பு பையைக் கையால் அழுத்த ஆரம்பித்தோம். மூன்று நான்கு நொடிக்கு ஒருமுறை ஒரு அழுத்து. கை வலித்தால் அடுத்தவர். தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். முந்திரிக்கொட்டை உடைத்துக் கருத்துப்போன விரல்கள். அழுத்தும்போதெல்லாம் "ஐயனாரப்பா" என்பார். நான் அழுத்தும்போது "இயேசுவே" என்பேன். பையன் பார்ப்பதற்குப் போய்விட்டவன் மாதிரிதான் கிடந்தான். ஆனால் கட்டுவிரியன் கடித்தவர்களுக்கு உள்ளே நினைவு இருக்கலாம் என்று எங்களுக்குப் பெரிய டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் அவன் காதில், "கண்ணு, மருந்து வேலை செய்யுது, பயப்படாதே, தாத்தா இங்கதான் இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அதே ராத்திரி, இரண்டு கட்டில் தள்ளி எங்கள் சபைப் பெண் ஒருத்தி. எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகள். கோயிலில் விடிய விடிய ஜெபம் நடந்தது. விடிவதற்குள் அவள் இறந்துபோனாள். காலையில் வென்டிலேட்டர் ஒன்று காலியானது, பையனை அதில் மாற்றினோம். ஆமாம், அவளுடையதுதான். சில நாளில் பையன் முதலில் இமையை அசைத்தான், அப்புறம் கை விரல், அப்புறம் தானாக மூச்சு. நடந்தே வீட்டுக்குப் போனான்.

நான் இதிலிருந்து ஒரு கணக்கும் போடமாட்டேன். ஐயனாரைக் கூப்பிட்டவன் பேரன் பிழைத்தான், சபை ஜெபித்தவள் போனாள் என்று ஒருவர் சொல்லலாம். கையால் மூச்சு கொடுத்ததால் பிழைத்தான் என்று இன்னொருவர் சொல்லலாம், அதுவும் உண்மைதான். நான் ஜெபித்தேன், பையன் பிழைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அவள் பிள்ளைகளைப் பார்த்து அழுதேன், ஏன் என்று ஆண்டவரைக் கேட்டேன். இரண்டையும் ஒருவரிடம்தான் செய்தேன். 13ஆம் சங்கீதம், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. 88ஆம் சங்கீதம் கடைசி வரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. அதையும் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்களே, அது போதும் எனக்கு. பதில் வராதவனுக்கும் ஆண்டவரிடம் பேச வார்த்தை கொடுத்திருக்கிறது வேதம்.

தம்பி மகன் ஐ.டி.யில் இருப்பவன், ஒரு ஆய்வின் லிங்க் அனுப்பினான். 2006இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் வந்தது. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, இரண்டு பிரிவினருக்காக முன்பின் தெரியாத கிறிஸ்தவக் குழுக்களை 14 நாள் ஜெபிக்க வைத்திருக்கிறார்கள். ஜெபிக்கிறார்களா என்று தெரியாமலே ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம். தங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்த பிரிவில் 59. இதற்கு முன்னால் 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் 393 இதய நோயாளிகளிடம் செய்த ஒரு ஆய்வில் ஜெபிக்கப்பட்டவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்தார்கள் என்று வந்திருந்ததாம். அதை ஊழியக்காரர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். 2006இல் வந்ததைச் சொல்லமாட்டார்கள். நான் இரண்டையும் படித்தேன். 1988ஐப் பார்த்துத் துள்ளவுமில்லை, 2006ஐப் பார்த்துச் சோரவுமில்லை. மருந்தைச் சோதிக்கும்போது ஒரு பிரிவுக்கு மருந்து, இன்னொரு பிரிவுக்கு வெறும் மாத்திரை கொடுப்பார்கள். ஆனால் 'ஜெபிக்கப்படாத' பிரிவில் படுத்திருந்தவரின் மனைவியை, அம்மாவை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று யாராவது நிறுத்தி வைக்க முடியுமா? தவிரவும், முதல் பெயரும் ஒரு இனிஷியலும் மட்டும் எழுதிய தாளைப் பார்த்து ஒரே வாசகத்தை ஒப்பிப்பதும் கேட்பதுதான், ஆனால் கேட்பதில் மிக மெலிந்த வகை. உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று இயேசு சொன்னது ஆய்வாளர்களுக்கு மட்டுமில்லை, 1988ஐ மேற்கோள் காட்டுகிற நம் ஆட்களுக்கும்தான்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

புதுப்பாளையம் பக்கம் தையல் வேலை செய்கிற ஒரு அக்கா. வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோடு வேலை. கையில் காசு விழுந்த அன்றைக்கெல்லாம் பாண்டி எல்லை தொடங்குகிற முள்ளோடைக்குப் போய்விடுவார். அங்கே சரக்கு மலிவு. அந்த அக்காவின் சீட்டு நான் பொறுப்பெடுத்த காலத்துக்கு முன்பிருந்தே பெட்டியில் விழுந்துகொண்டிருந்தது. தையல் அளவு குறிக்கிற துண்டுத் தாளில் எப்போதும் ஒரே வரி: 'வீட்டுக்காரர் குடியை விட.' பல வருடம். அவர் விடவில்லை. ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுத்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சீட்டைப் பிரித்தால் எழுத்து அதே எழுத்து, வரி வேறு: 'வீட்டுக்காரர் வலி இல்லாம போக.' நோட்டில் அதை ஏற்றும்போது என் கை நின்றுவிட்டது. கெத்செமனேயில், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டவர், அப்புறம், உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது என்றார். அந்த ஜெபத்தில் இயேசுவுக்கு வியர்வை ரத்தத் துளிகளாய் விழுந்தது என்று லூக்கா சொல்கிறார். அந்த அக்காவுக்கு இரண்டு சீட்டுக்கும் நடுவில் எத்தனை ராத்திரி போயிற்றோ. அவர் காலமான பிறகு மூன்றாவது சீட்டு வந்தது: 'பிள்ளைங்க அப்பாவை வெறுக்காம இருக்க.'

முதல் விண்ணப்பத்துக்குக் கட்டம் காலி. இரண்டாவது பாதி நடந்தது. வலி இல்லாமல் என்று சொல்ல முடியாது, ஆனால் கடைசி நாட்களில் டாக்டர்கள் வலியைக் குறைத்தார்கள். மூன்றாவதை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். பெரியவன் இன்றுவரை அப்பா கல்லறைக்குப் போகவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி வாரங்களில் ராத்திரி துணைக்கு யார் உட்கார்ந்தார்கள் என்பது என் கண்ணுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிற பெண்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருத்தி அந்த அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி. கழிவுநீர் வாய்க்கால் தகராறில் இரண்டு பேரும் பல வருடமாகப் பேச்சில்லை. "என்னாச்சு, நீ வந்திருக்கே?" என்று கேட்டேன். "வாரா வாரம் நீங்க அந்தப் பேரை வாசிக்கிறீங்க, நானும் ஆமென் சொல்றேன் சிஸ்டர். ஆமென் சொல்லிட்டு வீட்டுக்குப் போய் எப்படி மூஞ்சியத் திருப்பிக்கிறது?" என்றாள். அவள்தான் இளையவனுக்கு அந்த வருடப் பள்ளிக் கட்டணமும் கட்டினாள். இதை அவள் சொல்லவில்லை, அக்கா சொல்லித்தான் தெரியும்.

இதைச் சொன்னதும் தம்பி மகன் சட்டென்று கேட்டான்: "அத்தை, அது மனுஷங்க செஞ்சது. அதுக்கு ஜெபம் எதுக்கு? நல்ல மனசு போதுமே."

நல்ல கேள்விதான். நல்ல மனசு போதும் என்றால், அந்த வாய்க்கால் தகராறு அத்தனை வருடம் நீடித்திருக்காது. அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு எப்போதும் இருந்தது. எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அந்த மனசை அந்த ஒரு வாசலுக்குள் கொண்டுபோனது, ஆண்டவர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு பெயர். அதை ஆண்டவர் செய்த வேலை என்று நான் சொல்கிறேன். மனிதர்கள் செய்தார்கள் என்பதால் அவர் செய்யவில்லை என்று ஆகிவிடாது. பசியோடு இருக்கிறவனைப் பார்த்து, சமாதானத்தோடே போ, பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு நிருபம் கேட்கிறது. "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் கைகூப்பு பொம்மையோடு அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. நிஜமாகவே ஜெபித்தால், அடுத்த நாள் அந்த வீட்டுப் பக்கம் கால் தானாகப் போகும். போகவில்லை என்றால், இன்னும் ஜெபிக்க ஆரம்பிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அக்காவிடம் ஒருமுறை நேராகவே கேட்டேன், "இத்தனை வருஷம் கேட்டீங்க, நடக்கலை. எப்படி விடாம கேட்டீங்க?" என்று. மிஷினில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "வேற யாருகிட்ட சொல்றது சிஸ்டர்? அம்மா வீட்ல சொன்னா, விட்டுட்டு வான்னுவாங்க. அவரைப் பெத்தவங்ககிட்ட சொன்னா, நீ சரியில்லைன்னுவாங்க. ஆண்டவர்கிட்ட சொன்னாத்தான் அவரும் என் வீட்டுக்காரராவே இருந்தாரு, நானும் நானாவே இருந்தேன்." தம்பி மகனுக்கு நான் கொண்டுபோன பதில்களிலேயே அவன் தலையைத் தூக்கிக் கேட்டது இதை மட்டும்தான்.

அவர்கள் இருவரும் இப்போது ஜெபிக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. சபையில் தங்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று மருமகள் சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவளால் தாங்க முடியவில்லை. சரி என்று நோட்டிலிருந்து எடுத்துவிட்டேன். வீட்டில் நான் சொல்கிறேன். குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது அவளுக்குத் தெரியும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐயரிடம் பேசி, மாதத்தில் ஒரு வெள்ளி சாட்சி நேரத்தில், கேட்டது நடக்காதவர்களும் எழுந்து பேசலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறோம். முதல் தடவை யாரும் எழவில்லை. அடுத்த தடவை, மகனைச் சாலை விபத்தில் இழந்த ஒரு பெரியவர் எழுந்து, "நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன், ஆனா வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் அவர் தோளில் கை வைத்தார், நாங்கள் 13ஆம் சங்கீதத்தை வாசித்தோம்.

நோட்டில் வலது பக்கத்துக் கட்டத்துக்கும் தலைப்பை மாற்றியிருக்கிறேன். இப்போது 'பிறகு' என்று இருக்கிறது. கிடைத்தது, கிடைக்கவில்லை, யார் போய்ப் பார்த்தது, அடுத்த சீட்டில் என்ன கேட்டார் எல்லாம் அதில் வரும். நம் சபைக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சீட்டில் பெயரையும் தெருவையும் தெளிவாக எழுதுங்கள், அப்போதுதான் வந்து பார்க்க முடியும். முட்டி வலி என்றால் யார் முட்டி என்று எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் ஐயரிடமோ என்னிடமோ தனியாகச் சொல்லுங்கள், வெளியே போகாது. கேட்டது நடந்தாலும் வந்து சொல்லுங்கள், நடக்காவிட்டாலும் வந்து சொல்லுங்கள். ஜெபம் காலை பத்து மணிக்கு. ஒரு மணிக்கு முடித்துக் கஞ்சி கொடுக்கிறோம். ஜெபிக்க மனம் வராதவர்கள் கஞ்சிக்கு மட்டும் வந்தாலும் இடம் உண்டு.